கற்பிட்டி மணலுக்கு மலைநாட்டு மண்ணின் கணக்கு

ஆகஸ்ட் முதல் கிழமை கற்பிட்டிப் பக்கம் குறிஞ்சிப்பிட்டிக்குப் போனேன். கடல் பார்க்க அல்ல. பயிருக்கு அடித்த மருந்து மண்ணில் எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு காற்றுக்கு ஏறுகிறது என்று கணினியில் கணக்கிடுவது என் தொழில். அந்த ஊர்க் கணக்கைக் கொழும்பில் இருந்தே போட்டு, "காற்றில் பயப்பட ஒன்றுமில்லை" என்று வீடுகளுக்குக் கடிதமும் எழுதியிருந்தேன். ஊரைப் பார்க்கப் புறப்பட்டது அதற்குப் பிறகு. வெட்கக்கேடுதான்.

புத்தளத்தில் காலை 6.40 பஸ், கட்டணம் 240 ரூபாய். பாலாவியில் திரும்பி, ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். 8.20க்கு இறங்கினேன்.

கடிதம் போன வீடுகளில் ஒன்று நசீமாவுடையது. அதைச் சுற்றி வெங்காயப் பாத்திகள். குனிந்து ஒரு பிடி மண் அள்ளினேன். விரல் இடுக்கில் சீனி போல வழிந்துபோனது. வெறும் மணல்! எங்கள் கணக்கிலோ மக்கிய இலைதழை நிறைந்த மலைநாட்டு மண். அது மருந்தை இறுகப் பிடித்து வைக்கும், மணல் பிடிக்காது. "தரவு இல்லையென்றால் கையில் இருக்கும் எண்ணைப் போடு" என்று எங்கள் பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். நானும் மறுபேச்சுப் பேசாமல் போட்டேன்.

பதினொன்றரைக்கு நசீமாவின் கணவர், முந்தின நாள் மருந்து அடித்த பாத்திகளுக்குத் தண்ணீர் மோட்டரைப் போட்டார். சுடுமணல் வெங்காயத்தை அவித்துவிடும் என்பதால் இங்கே உச்சி வெயிலில்தான் தண்ணீர் விடுவார்கள். ஐந்து நிமிடத்தில் மூக்கைப் பொத்தினேன்.

"மருந்து அடிச்ச அண்டைக்கு இவ்வளவு இல்ல மிஸ்," என்றார் நசீமா. "மத்த நாள் தண்ணி உடக்குள்ளதான் மணம் எழும்புற."

மறுநாள் விடும் தண்ணீர், காய்ந்த மணலில் லேசாக ஒட்டியிருக்கும் மருந்தையும் விலக்கி மேலே அனுப்புகிறது. நாங்கள் காய்ந்த மண்ணுக்குக் கணக்குப் பார்த்திருந்தோம். இவரிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் என்னை உள்ளே கூட்டிப்போய், பாத்திகளைப் பார்த்த ஜன்னலைக் காட்டினார்.

"மகளுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும். உங்கட கடிதம் வந்த பொறகுதான் கட்டில இந்த ஜன்னலடில போட்டேன், காத்து வரட்டும் எண்டு."

கட்டிலின் ஒரு பக்கத்தை நானே பிடித்து மறுபக்க அறைக்கு மாற்றினேன்.

"அப்ப அந்தக் கடிதம் பொய்யா மிஸ்?"

"ஓம். எழுதினது நான்தான்."

இதே வேலையாகப் போகிறவர்கள் பதினொரு மணிக்கு முன் போய், தண்ணீர் விடும்வரை நில்லுங்கள். மண் எடுக்க மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் கொண்டுபோங்கள். புத்தளத்துக்குத் திரும்பும் பஸ் 2.10க்கு. நான் அதைத் தவறவிட்டேன். அந்தச் சின்ன ஒழுங்கையில் இருந்த எல்லா வீட்டுக்கும் அதே கடிதம் போயிருந்தது. ஒவ்வொரு வாசல் படலையாகத் தட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.