கீழாநெல்லி குடித்த தேர்வு நாள்

எங்கள் கல்லூரி நாட்காட்டிக்குப் பாவு பிணைக்கும் நாட்கள் தெரியாது. தறியில் பழைய பாவு தீர்ந்தால், புதுப் பாவின் பட்டு இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். வீட்டில் எல்லோருடைய கையும் தேவை. அப்படி லீவு போட்டுப் போட்டே என் அட்டெண்டன்ஸ் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. என் வகுப்புத் தோழி பவித்ராவுக்கும் அதே கதைதான்.

“மெடிக்கல் குடுத்தா ஹால் டிக்கெட் வரும். தறி வேலையெல்லாம் காரணமா எடுத்துக்க மாட்டாங்கம்மா” என்றார் அலுவலக எழுத்தர்.

பவித்ரா உண்மையையே எழுதிக் கொடுத்தாள். நான் மஞ்சள் காமாலை என்று ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தேன். அவளிடமும் எனக்குக் காமாலை என்றே சொன்னேன்.

அவளுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. அடுத்த வருடம் அந்த செமஸ்டரை மறுபடியும் படிக்கச் சொல்லிவிட்டார்கள்.

முதல் தேர்வன்று கல்லூரி வாசலில் ஒரு பாட்டிலோடு நின்றிருந்தாள்.

“கீழாநெல்லிடி. மோர்ல அரச்சிகினு வந்தேன். குடிச்சிட்டுப் போய் எழுது.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னால் கையிலிருக்கும் ஹால் டிக்கெட் போய்விடுமோ என்று பயம். மணி அடித்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மூன்று மணி நேரமும் நாக்கில் அந்தக் கசப்பு போகவில்லை.

இப்போது அவள் ஜூனியர்களோடு உட்காருகிறாள். கேன்டீனில் நான் பஜ்ஜிக்குக் கை நீட்டினால் தட்டை நகர்த்திவிடுகிறாள்.

“காமாலை வந்த ஒடம்பு. எண்ணெ ஆவாதுடி.”

நானும் கையை இழுத்துக்கொள்கிறேன். எனக்கு வராத நோய்க்கு இன்னும் பத்தியம் இருக்கிறேன்.