விஷப்பழ ராணியும் நானும்

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். தையல் கோணினால் திருப்பி அனுப்பிவிடுவேன். டெய்லர் பெண்களுக்கு இந்த அக்காவைக் கண்டாலே ஆகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பெனி செலவில் அவர்களோடு சினிமாவுக்குப் போனேன். இளவரசிக்கு விஷப்பழம் கொடுத்த ராணியின் பக்க நியாயத்தைச் சொல்லும் படம். கட்டிக்கிறேன் என்றவன் கைவிட்டதால்தான் அவள் அப்படி ஆனாளாம். பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள்.

மறுநாள், கழுத்துத் தையல் கோணிய டீசர்ட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். எப்போதும் முறைக்கிறவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, உங்களையும் எவனாச்சும் ஏமாத்திட்டானுங்களா?"

"கழுத்து கோணலா இருக்குது. பிரிச்சுத் தையி!"

"பாவம், சொல்ல மாட்டேங்கறாங்க" என்று பக்கத்து மெஷின்காரி கண்ணைத் துடைத்தாள்.

அன்றிலிருந்து நான் எதைத் திருப்பிக் கொடுத்தாலும், இல்லாத அந்த எவனையோதான் திட்டுகிறார்கள். தையல் மட்டும் இன்னும் கோணல்தான்.