மார்லிஸ் வாங்கிய சிவப்புக் கூடாரம்

மினசோட்டாவின் வடக்கே, உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் போட, மீனிருக்கும் புது இடம் கண்டுபிடிப்பதில் மார்லிஸை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மூன்று குளிர்காலமாக, அவள் எந்த ஏரிக்குப் போனாலும் பக்கத்து வீட்டு டர்வின் மோப்பம் பிடித்து வந்து, கூட்டாளிகளோடு மீனை வழித்துக்கொண்டு போனான். அவள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

மீன்பிடிச் சாமான் கடைக்காரர் ஓரின், ஏரிமேல் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து மீன் பிடிக்கும் ஒரு வெள்ளைக் கூடாரத்தை எடுத்துக் காட்டினார். "புது ஏரி தேடுறவங்களுக்கு இதான் தோது. எடை கம்மி. பனியோட பனியா யாரு கண்ணுலயும் படாது."

"அந்தச் செவப்பக் குடுங்க."

"ஏம்மா, அது ஒரு மைலுக்குத் தெரியுமே! டர்வினுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறியா?"

"அழைக்கத்தான் வாங்குறேன்."

சனிக்கிழமை விடிந்ததும், மருந்துக்குக்கூட மீன் இல்லாத ஓர் ஏரியின் நடுவில் அதை விரித்து நிறுத்தினாள். பிறகு காட்டைத் தாண்டி வேறோர் ஏரிக்குப் போய், வெட்டவெளியில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். காற்று காதை அறுத்தது. ஆனாலும் பதினோரு பெர்ச் மீன் சிக்கின.

பொழுது சாயக் கூடாரத்தை எடுக்க வந்தாள். அதைச் சுற்றிலும் பனியில் நாற்பது துளைகள். உள்ளே அவள் ஒரு மத்தி மீன் டப்பாவும், "வெறுங்கையோட வீட்டுக்குப் போகாத, டர்வின்" என்று எழுதிய சீட்டும் வைத்திருந்தாள்.

சீட்டு அப்படியே கிடந்தது. டப்பாவைத்தான் காணோம்.