ஆறுமணிக் குருவி கூவாத காலை

ஆறுமணிக் குருவியின் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கட்டை வாலுமாகத் தேயிலைத் தூருக்கடியில் சருகைக் கிளறித் திரியும் அழகான பறவை. கோபம் அதன்மேல் இல்லை.

புரட்டாசிக் கடைசியில் அது இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வரும், சித்திரையில் திரும்பிவிடும். இப்படி இரவில் பறக்கும் பறவைகள் நட்சத்திரங்களையும் பூமியின் காந்தத்தையும் கொண்டு திசையறிவதாகப் பிற்காலத்தில் படித்தேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அது கடிகாரம். விடியும்போது ஒருமுறை, அடையும்போது ஒருமுறை கூவும்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரட்டுத் தப்பு அடிப்பவர். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஆட்கள் அன்றைய வேலைக்குப் பேர் பதியப் பெரட்டுக்களத்துக்குப் போவார்கள். நேரம் பார்க்கத் தோட்டம் அவருக்கு ஒரு கடிகாரம் கொடுத்ததில்லை. தொழிற்சாலைச் சங்கு பழுதாகிக் கிடந்தது. திருத்தக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். சேவலை அவர் நம்பமாட்டார். "நெலா வெளிச்சத்துக்கே கூவுற கழுத அது" என்பார். குருவி இல்லாத மாதங்களில் இருட்டோடு மேடேறிக் கங்காணி வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்து வருவார். குருவி இருக்கும் மாதங்களில் அந்த நடை மிச்சம்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு, வருடப் பிறப்புக்கு முந்திய திங்கட்கிழமை. தப்பை நெருப்பில் காய்ச்சி மடியில் வைத்துக்கொண்டு பெரியப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். குருவி கூவவில்லை. முதல்நாள் மாலை கூவியதை நாங்கள் எல்லோருமே கேட்டிருந்தோம். அது வழக்கத்துக்கு முன்னதாக, அந்த இரவே கிளம்பிவிட்டிருந்தது. மூடுபனியில் விடிந்ததும் தெரியவில்லை. அவருக்குச் சந்தேகம் தட்டித் தப்பை அடித்தபோது காலம் கடந்திருந்தது. பெண்கள் கூடையும் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குமாக ஓடினார்கள். கண்டாக்கு, வேலையை மேற்பார்க்கும் அந்த உத்தியோகத்தர், பெரட்டை மூடிவிட்டிருந்தார். டிவிசன் முழுவதற்கும் அன்று பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை. அதுவும் பண்டிகை வாரத்தில்.

லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையான காம்பராவிலிருந்த சித்தி, பெரியப்பாவைப் பெரட்டுக்களத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னண்ணே, ஒங்க குருவி ஊருக்குப் போயிருச்சா? போறப்ப ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியா?"

சிலர் சிரித்தார்கள். பெரியப்பா கண்டாக்கிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு என்னோடதுங்கய்யா. என் பேர மட்டும் வெட்டுங்க. சனங்களுக்குப் பேர் போட்டுருங்க."

"குருவி போன எடத்துக்கே நீயும் போயேன்யா. ஒங்க ஊரு அங்கதான?"

"நான் இந்த லயத்துல பொறந்தவன்யா."

"அத யாருக்கிட்ட வேணா போய்ச் சொல்லு."

யாருக்கும் பேர் போடவில்லை. பெரியப்பாவின் தப்பைப் பிடுங்கிக்கொண்டு கான் வெட்ட அனுப்பினார்கள். வயதான காலத்தில், மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் முழங்கால் சேற்றில் நின்று மண் வாரினார். அடுத்த மாதமே சங்கைத் திருத்திவிட்டார்கள். அவ்வளவு சுலபமான வேலை அது. அதை நினைத்தால் இப்போதும் என் பல் கடிபடுகிறது.

நாற்பத்தெட்டில் வந்த சட்டம், இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான எங்களை நாடற்றவர்களாக்கியது. அறுபத்து நான்கில் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்துக்கொண்டன. பங்கு பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. சில வருடங்களில் பெரியப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். பார்த்தேயிராத நாட்டுக்கு அனுப்புவதை, திருப்பி அனுப்புவது என்றார்கள்.

வட்டகொடை ஸ்டேசனுக்கு அந்தச் சித்தி ரொட்டி கட்டிக்கொண்டு வந்தாள். அழுகையை மறைக்கக் கேலி செய்தாள்.

"குருவி போற வழிதானண்ணே, பயப்படாமப் போங்க."

"அது புரட்டாசில வந்துரும்மா" என்றார் பெரியப்பா. "நான் வரேன்னா எவன் விடுவான்?"

சித்தி ரொட்டிப் பொட்டலத்தைச் சன்னல் வழியே நீட்டினாள். ரயில் புறப்பட்டது. பெரியப்பா திரும்பி வரவேயில்லை.

இலங்கைப் பறவைகளைப் பற்றி நான் வாசித்த புத்தகங்களிலெல்லாம் அந்தக் குருவி இருக்கிறது. ஆண்டில் பாதிதான் இங்கே இருக்கும். கூடு கட்டுவதும் குஞ்சு பொரிப்பதும் இந்தியாவில். ஆனாலும் அதை இந்நாட்டுப் பறவைகளோடு சேர்த்து எழுத ஒருவருக்கும் கை கூசவில்லை.

பெரியப்பா இங்கே பிறந்தவர்.