பாதியில் நின்ற கை

எங்கள் தலைநகர் உலான்பாதரின் சந்தையில் நைலான் சட்டை விற்கும் சொலோங்கோ, குளிர்காலத்தில் யாரையும் தொடமாட்டாள். காற்றில் ஈரம் இருந்தால் உடம்பில் சேரும் மின்சாரம் மெல்லக் கசிந்துவிடும். எங்கள் ஊர்க் குளிரில் ஈரம் ஏது? சட்டைகள் உரசிச் சேர்ந்ததெல்லாம் விரல் நுனியில் காத்திருக்கும்.

நேற்று பேருந்தில் ஒரு பெரியவரின் காலை மிதித்துவிட்டாள். மிதித்தவர் உடனே கைகொடுக்காவிட்டால் எங்களிடையே அது பகை. இவளோ நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். பேருந்தே திரும்பிப் பார்த்தது.

"ஏம்மா, என் கை அவ்வளவு மட்டமா?"

"ஐயோ, இல்லீங்க ஐயா! உங்களுக்கு சுரீர்னு ஷாக் அடிக்குமேன்னுதான்..."

"நீ மிதிச்சதைவிடவா வலிக்கப்போகுது? குடும்மா கைய!"

பொறி பறந்தது. அவர் சிரித்தார். சொலோங்கோ தலைகுனிந்தாள். அவருக்கு அடிக்குமென்றா கையை இழுத்தாள்? தன் விரலுக்கல்லவா பயந்தாள்!