கேட்டதற்கு நன்றி சொன்னவர்

என் மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன மறு வருடம் நடந்தது இது. எங்கள் ஊர் நன்னிலம் பக்கம். வீட்டில் நானும் மருமகளும் மட்டும்தான். அவள் கல்லூரியில் நெல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். ஆனாலும் வயலை நான்தான் பார்த்துக்கொண்டேன், யார் தயவும் இல்லாமல்.

எங்கள் மண்ணில் கூடுதலாக விளைகிற நெல் எது என்று பார்க்க, எங்கள் வயலிலேயே பாத்தி பாத்தியாகப் பிரித்து நட்டிருந்தாள். ஐப்பசி மழையில் சில பாத்திகள் அடியோடு அழுகிப்போயின. மீதியை அறுத்து எடை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். அவளிடம் இருந்தது, காசில்லாமல் எல்லோருக்கும் கிடைக்கிற புள்ளிவிவர மென்பொருள். ஒரே ஒரு பாத்திக்கு விளைச்சல் எண் இல்லாவிட்டாலும் அவளுக்கு வேண்டிய கணக்கை அது போடாதாம். விலைக்கு விற்பதில் அந்த வசதி உண்டு. அது எங்களுக்கு எட்டாது. கோடைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அத்தனை வருடப் படிப்பும் வீண்.

கூடப் படித்த பெண் ஒருத்தி, பக்கத்துப் பாத்தியைப் பார்த்து ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிடச் சொன்னாளாம்.

"அழுகிப்போன பாத்தியில எப்படி அத்தை வெளைஞ்சதுன்னு எழுதறது?" என்று வந்து நின்றாள்.

"வேற என்ன செய்யப் போற?"

"அந்த மென்பொருளைச் செஞ்சவங்களையே கேக்கப் போறேன். இந்த வசதியையும் சேத்துக் குடுங்கன்னு."

எனக்குச் சுருக்கென்றது. "சும்மா குடுக்கறவங்ககிட்டப் போயி இன்னும் குடுன்னு கேப்பியா? அன்னதானத்துல ஒக்காந்துக்கிட்டு அப்பளம் எங்கேன்னு கேக்கற மாதிரில்ல இருக்கு!"

"அப்பளம் இல்ல அத்தை. எனக்குச் சோறே அதுதான்."

மொட்டைமாடியில்தான் இன்டர்நெட் கிடைக்கும். ஏறிப்போய் எழுதி அனுப்பினாள். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சில நாளில் பதில் வந்தது. ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர். சம்பளம் இல்லாமல், ஓய்வு நேரத்தில் அந்த வேலையைப் பார்க்கிறவராம். மருமகள் தமிழில் சொன்னாள்: "கேட்டதற்கு நன்றி. எங்கள் பக்கம் மழை வயலைக் கொண்டுபோவதில்லை. இப்படி ஒரு தேவை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. கையால் போட்ட கணக்கு ஒன்று அனுப்பினால் சரிபார்த்துக்கொள்வேன்."

"இன்னொரு தரம் சொல்லு" என்றேன். கொடுக்கிறவர் கேட்டவளுக்கு நன்றி சொல்லி நான் பார்த்ததே இல்லை.

அவள் புத்தகத்தை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டு அனுப்பினாள். அவர் வசதியைச் சேர்த்து அனுப்பினார். ஓரிடத்தில் பிசகியது. இவள் அதைச் சொன்னாள். அவர் திருத்திவிட்டு அதற்கும் ஒரு நன்றி எழுதினார்.

"இந்த மனுஷன் வீட்டுல நன்றி மூட்டை மூட்டையா கெடக்கும் போல" என்றேன். மருமகள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். கோடை முடியுமுன் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. எங்களுடையது கடைசி வயல். மேல் வயல்காரர் தன் மடையைத் திருப்பி வைத்துக்கொண்டால் எங்களுக்கு இறங்காது. அவரிடம் போய் நிற்பதாவது என்று வருடா வருடம் டீசல் இன்ஜின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் வரப்போடு நடந்து அவர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"எங்க பக்கம் தண்ணி எறங்கல. மடையைக் கொஞ்சம் மாத்தி விடுங்க." வாசல்படி ஏறாமலே கேட்டுவிட்டேன்.

"இத ஏங்கக்கா இத்தன வருஷமா சொல்லல?" என்றார் அவர். "நீங்க பாட்டுக்கு இன்ஜினப் போட்டு ஓட்டுறீங்க. அக்காவுக்கு ஆத்துத் தண்ணி புடிக்காது போலன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!" மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

அந்தக் குளிர் நாட்டு மனிதருக்கு நன்னிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் வயலில் தண்ணீர் பரவி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், முகம் தெரியாத அவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வரப்பை விட்டு இறங்குகிறேன்.