வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

“விண்ணப்பதாரர் வளரிளம் பருவத்தினருடன் இனிமையாகப் பழகுபவர், அவர்களது நம்பிக்கையை எளிதில் பெறுபவர்” என்று சிபாரிசுக் கடிதத்தில் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் எழுதியிருந்தார். நல்ல நர்ஸ் ஒருவரை இரண்டு வருடம் படிக்க அனுப்ப அவருக்கு மனமில்லை. பொய் எழுதுவதில் அப்படித் தயக்கம் ஏதும் இருக்கவில்லை.

நர்ஸுக்கு வயது நாற்பத்திரண்டு. பத்தொன்பது வருடம் அறுவைசிகிச்சை வார்டு. அவர் செருப்புச் சத்தம் கேட்டால் முனகுகிறவர்கள் முனகலைக் கொஞ்சம் ஒத்திப்போடுவார்கள். பதினைந்து வயது மகள் தனக்கு வேண்டியதைச் சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவாள். “நீ ஒரு கேள்வி கேட்டா, நான் எதையோ திருடிட்ட மாதிரி எனக்கே தோணுதும்மா” என்பாள்.

அப்படிப்பட்டவர்தான் பொதுச் சுகாதாரச் செவிலியத்தில் வளரிளம் பருவத்தினர் நலனை எடுத்து முதுநிலை படிக்கப் போனார். சில பெண்பிள்ளைகள் கை முறிந்து, விலா முறிந்து வார்டுக்குத் திரும்பத் திரும்ப வந்ததும், ஒவ்வொரு தடவையும் ‘மாடிப்படியில் விழுந்தாள்’ என்று கேஸ் ஷீட்டில் தானே எழுதியதும் காரணம். நேர்முகத்தில் பதவி உயர்வுக்காக என்று சொன்னார். அது எல்லோருக்கும் புரிந்தது.

ஆய்வுக்காக ஒரு பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் நாற்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம், யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது என்று உறுதியும் கொடுத்தார். கொடுத்தபடியே ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் ஓர் எண் போட்டார். நோயாளியைப் பார்க்குமுன் கட்டில் எண்ணைக் குறித்துப் பழகிய கை. பெஞ்ச் வரிசைப்படி அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போயிற்று. வகுப்புச் சுவரில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்ற பட்டியல் தொங்கியது.

இருபத்தேழாவது கேள்வி: ‘நீ தூங்கும் அறைக்குத் தாழ்ப்பாள் உண்டா?’ பிள்ளைகளின் தனியுரிமையை அளக்க வைத்தது. ஒரு தாளில் ‘உண்டு’ என்று டிக். பக்கத்தில் பொடி எழுத்தில், ‘வெளிப்பக்கம்.’

வழிகாட்டிப் பேராசிரியை கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “உண்டுன்னு இருக்கில்ல? ஒரு மார்க் போடுங்க.”

“வெளியில தாழ்ப்பாள்னா அது அறை இல்ல மேடம்.”

“பேர் இல்லாத தாளை வச்சுக்கிட்டு என்ன பண்றது? யாரைப் போய்த் தேடுவீங்க?”

“அஞ்சாவது பெஞ்ச், சன்னலோரம்.”

பேராசிரியை பேனாவை மூடி வைத்தார். “இதை நான் கேக்கவே இல்லை. மூலையில போட்ட நம்பரை எல்லாம் ரப்பர் போட்டு அழிச்சிட்டு வாங்க. வெளிய தெரிஞ்சா நெறிமுறைக் குழு உங்க ஆய்வையே தூக்கிப் போட்டுடும். ரெண்டு வருஷம் போச்சுன்னு வச்சுக்கோங்க.”

அவர் அழித்தார், ஒரே ஒரு தாளைத் தவிர. அதை எடுத்துக்கொண்டு குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார்.

பதினோரு நாள் கழித்துத்தான் அதிகாரிக்கு நேரம் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெரியப்பாவுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் நாகரிகமும் அவரிடம் இருந்தது. அம்மா இல்லாத பெண். பெரியப்பா வீட்டில் வளர்ந்தாள். அதிகாரியும் நர்ஸும் போனபோது கூடத்தில் நின்று, அப்படி எதுவும் இல்லை, சும்மா விளையாட்டுக்கு எழுதினேன் என்றாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள்.

“யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே, டீச்சர்.”

நர்ஸ் பெரியப்பாவிடம் அறை எது என்று கேட்டார். எப்படியும் இனிமையாகப் பதில் சொல்லி வழக்கமில்லாதவர்.

பெரியப்பா அறையைத் திறந்து காட்டினார். தாழ்ப்பாள் இல்லை. “சின்னப் பிள்ளைங்க ஏதாவது எழுதும் சார், அதைப் போய்...” என்று சிரித்தார். அதிகாரி ‘தாழ்ப்பாள் காணப்படவில்லை’ என்று எழுதி எழுந்தார். நர்ஸ் கதவின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினார். நான்கு இடங்களில் ஓட்டையை அடைக்கப் பூசிய மக்கு இன்னும் காயவில்லை, விரலோடு வந்தது. பின்னால் திருகாணி ஓட்டைகள்.

“இதையும் எழுதுங்க.”

“நான் எழுத முடியாது மேடம். நீங்க வேணா தனியா எழுதிக் குடுங்க. எப்படி இங்க வந்தீங்கன்னும் அதுல சொல்ல வேண்டியிருக்கும்.”

மூன்றாவது வாரம் அந்தப் பெண் வேறு ஊரிலுள்ள சித்தி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். போகும்போதும் நர்ஸிடம் பேசவில்லை. நெறிமுறைக் குழு ஆய்வை ரத்து செய்தது. அவர் பழைய வார்டுக்குத் திரும்பினார்.

அதிகாரி அப்படிச் சொன்ன அன்றைக்கே அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, தாள்களில் எண் போட்டது தான்தான் என்பதையும் நான்கு ஓட்டைகளையும் ஒரே பக்கத்தில் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டு, அவர் கையில் கொடுத்திருந்தார்.